கெட்ட கொலஸ்ட்ரோல் அறவே இல்லாத உடம்பு

ஒக். 7, திங்கள்
விடியலிலிருந்து தூறல். ஆறு ஐம்பதுக்கே கம்பளை லேப்பில் இரத்தம் கொடுத்தாயிற்று. ஊசி குத்திய பிள்ளை, இப்படி ஒரு நரம்பை இதுவரை பார்த்ததே இல்லை என்றாள். (சொல்லவில்லை. முகம் அப்படித்தான் இருந்தது.)

கீட்டோ தொடங்கி இருபத்தொரு நாள். சோறு, பாண், கிழங்கு, சீனி எதுவும் இல்லை. முட்டை, கோழி, கீரை, பட்டர், தேங்காய் மட்டும். இடுப்பில் இரண்டேகால் அங்குலம் குறைவு. முப்பது வருடமாக ஊருக்கே இடுப்பு அளக்கிறவன், என் இடுப்பில் பிழை விடுவேனா?

எல்லாம் வலது கண்ணுக்காக. கண்புரை. இடதிலும் லேசாகத் தொடக்கம். இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று டொக்டரின் கடிதம் இருந்தால்தான் ஒப்பரேஷன் என்று கண்டி கண் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். ஊசியில் நூல் கோக்க மனைவி பாக்கியம் வேண்டியிருக்கிறது. கடைக்கு ஆள் வந்தால், "நீயும் தொழில் பழகு" என்று சொல்லி ஊசியை அவளிடம் நீட்டுகிறேன். ஜனவரிக்கு ஸ்கூல் யூனிஃபோம் ஓடர் அறுபது. கண் சரிவராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

நேற்று எட்டு மணிக்குப் பின் வெறும் தண்ணீர். காலை நாலரைக்குப் பட்டர் கோப்பி மட்டும். அது பக்கத்து முட்டைக் கடை ரவூப் நானாவின் யோசனை. "மாஸ்டர், வேற ஒண்டும் வாணாம், பட்டர் கோப்பி குடிங்க. சீனி இல்லத்தானே, வெறும் வயிறு கணக்குத்தான்." அவர் போனில் பார்த்தாராம்.

ஒக். 8, செவ்வாய்
வெயில். ரிப்போர்ட் வந்தது. இங்கிலீஷ். எட்டாம் வகுப்போடு நின்றாலும் இலக்கத்துக்கு ஏது பாஷை?
– சீனி 118. போன தடவை 211.
– சிறுநீரில் கீட்டோன்: மூன்று பிளஸ். எட்டு வருடம் பள்ளிக்கூடம் போய் ஒரு பிளஸ் வாங்கியதில்லை.
– கெட்ட கொலஸ்ட்ரோல்: இலக்கமே இல்லை. சின்னக் கோடு. அறவே கிடையாது!
– ட்ரைகிளிசரைட்: 438, தடித்த எழுத்தில். பெயர் வாயில் நுழையவில்லை. பெரிய இலக்கம், ஏதோ பலமாக இருக்கும்.

ரவூப் நானாவிடம் கெட்ட கொலஸ்ட்ரோல் கோட்டைக் காட்டினேன். "அல்லாவே, எனக்கு நூத்தி நாப்பது!" என்று முட்டைத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

ஒக். 9, புதன்
கெட்ட கொலஸ்ட்ரோல் இல்லை என்று சொன்ன இடங்கள்: சலூன், பூக்கடை, கெலிஓயா பஸ் கண்டக்டர், காற்சட்டை சுருக்க வந்த வாத்தியார். வாத்தியார் மட்டும், "அப்படி ஒரு மனுஷன் இருக்கவே முடியாதே" என்றார். பொறாமை.

பதினொரு மணிக்கு மெஷினில் இருக்கும்போதே கை நடுங்கியது. வியர்வை. கொலர் கோணலாக ஓடிவிட்டது. பா. ஓடிவந்து ஒரு கரண்டி சீனியை வாயில் திணித்தாள். கீட்டோ போச்சே என்று துப்பப் பார்த்தேன். "முழுங்குங்க!" என்று தாடையைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடத்தில் நடுக்கம் நின்றது. பேய்ப் பலம் அவளுக்கு.

ஒக். 11, வெள்ளி
மழை. கடிதம் வாங்க டிஸ்பென்சரிக்கு. பா.வும் வந்தாள், வேண்டாம் என்றும் கேட்கவில்லை. டொக்டரம்மா யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகள் வயது.

"டொக்டரம்மா, கெட்ட கொலஸ்ட்ரோல் சுத்தமா இல்ல, பாத்தீங்களா?"

"இல்லையெண்டு ஆர் ஐயா சொன்னது? இந்த ட்ரைகிளிசரைட்டும் கொழுப்புத்தான். அது நானூறு தாண்டினா, கெட்டதைக் கணக்குப் போட ஏலாது. அதுதான் கோடு போட்டு விட்டிருக்கினம்."

சலூன், பூக்கடை, கண்டக்டர், எல்லா முகங்களும் கண்முன் வந்து போயின.

"வெறும் வயித்தோடதானே இரத்தம் குடுத்தனீங்கள்?"

"முனிவர் மாதிரி."

"அப்ப இந்தச் சாப்பாட்டை உடன நிப்பாட்டோணும். கடிதம் இப்ப தரேலாது. சீனி திரும்பவும் எங்க போய் நிக்குமெண்டு பாப்பம்."

சுவரில் கண் படம். அறுபது யூனிஃபோம். பிறகு சொன்னேன்: "கோப்பி குடிச்சேன். பட்டர் போட்டு. ரெண்டு கரண்டி."

"மூணு," என்றாள் பா. "பட்டர் டப்பா எவ்வளவு எறங்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

டொக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "கொழுப்பைக் குடிச்சிட்டு வந்து கொழுப்பை அளந்தா, ஐயா, வேற என்ன வரும்?" திங்கட்கிழமை மறுபடி இரத்தம். தண்ணீர் மட்டும்.

நடுக்கத்தையும் பா. சொல்லிவிட்டாள். அப்போதுதான் சிரிப்பு நின்றது. சோற்றை நிறுத்திவிட்டுச் சீனிக் குளிசையை மட்டும் முழுதாகப் போட்டால் சீனி கிடுகிடுவென்று விழுமாம். "சாப்பாட்டை மாத்த முந்தி எனக்கல்லோ சொல்லியிருக்கோணும்!" சாப்பாடு இப்போதைக்கு இப்படியே இருக்கட்டுமாம், குளிசை இன்றிலிருந்து பாதி. மூன்று பிளஸ் இந்தச் சாப்பாட்டால் வந்ததாம், பயமில்லை. ஆனால் சீனி ஏறி, வாந்தியும் வந்து, பிளஸ்ஸும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். எழுதிவைக்கிறேன்.

வரும் வழியில் பா. குடையை என் பக்கம் சாய்த்தே பிடித்தாள்.

ஒக். 14, திங்கள்
தண்ணீர் மட்டும். இரத்தம் கொடுத்தாயிற்று. ரவூப் நானாவுக்கும் எனக்கும் பேச்சில்லை, ஒன்பதரை வரை. பிறகு முட்டை தீர்ந்துவிட்டது.

ஒக். 16, புதன்
சீனி 114. ட்ரைகிளிசரைட் 162. ஒளிந்திருந்த ஐயாவும் வெளியே வந்தார்: கெட்டது 171. கூடுதல். பட்டரையும் தேங்காய் எண்ணெயையும் குறைத்து, மீனும் கச்சான் கடலையும் சேர்க்கச் சொன்னார் டொக்டரம்மா. மூன்று மாதத்தில் மறுபடி பார்த்து, இறங்காவிட்டால் அதற்கும் குளிசை.

கடிதம் தந்துவிட்டார்! சட்டைப்பையில் வைத்து, பஸ்ஸில் மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன்.

சலூனில் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரே கிழமையில் பூச்சியத்திலிருந்து 171க்கு ஏறியவன் கண்டி மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் என்றும் சொன்னேன்.

நவ. 1, வெள்ளி
தீபாவளி நேற்று. முறுக்கு ஒன்று. பா. எண்ணிக்கொண்டிருந்தாள், ஆகையால் ஒன்றுதான்.

நவ. 5, செவ்வாய்
கண்டி. ஒப்பரேஷன் முடிந்தது. பயமே இல்லை. (பா.வின் கையில் என் நகத் தடம்.) இடது கண்ணால் எழுதுகிறேன்.

நவ. 6, புதன்
கட்டை அவிழ்த்தார்கள். நர்ஸின் உடுப்பைப் பார்த்து அசந்துபோனேன். அவ்வளவு வெள்ளை. சுவர் வெள்ளை. பா.வின் தலையும் பாதி வெள்ளை. இதை யாரும் சொல்லவில்லை.

இரண்டு கிழமைக்குத் தைக்கக்கூடாது. பார்க்கலாம்தானே? மத்தியானமே கடையைத் திறந்தோம். தைத்து அடுக்கிய யூனிஃபோம் பத்தொன்பது. துணி வெள்ளை. நூல் சந்தன நிறம். பத்தொன்பதும்.

"அப்பவே சொன்னேன்," என்றாள் பா. "முப்பது வருஷமா நூல் பாக்குறவனுக்கே சொல்லித் தர்றியான்னு கத்துனீங்க."

"சொன்னியா?"

"ரெண்டு தடவ."

தையலைப் பார்த்தேன். கோடு போட்டது போல நேர். ஒற்றைக் கண்ணால் இப்படித் தைக்க இந்த ஜில்லாவில் வேறு ஆள் இல்லை. இதை எழுதும்போது அவள் மூன்றாவது சட்டையைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.