மலைக்குப் போட்ட ஜெட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு இருமல் விட்டது, என் முட்டிவலி என்னை விடவில்லை, தையல் மிஷின் ஓடுகிறது. உன் தம்பிதான் சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். அதற்குப் பாதிக் காரணம் அவன் முதலாளி, மீதிக் காரணம் நீ. எடுத்த எடுப்பிலேயே அம்மா இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதே, முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இதுதான் சாந்தமான கடிதம்.

அவன் வேலை போனதாக அப்பா போனில் சொன்னாரே, ஏன் போனது என்று கேட்டாயா? கேட்கவில்லை. இப்போது கேட்டுக்கொள். மலை மேலே சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற நாலு சக்கர பைக்குகளைப் பார்த்துக்கொள்வதுதானே அவன் வேலை. அங்கே காற்று லேசு. காற்று குறைந்த இடத்தில் பெட்ரோல் மட்டும் பழையபடி இறங்கினால் எஞ்சின் மூச்சு முட்டிக் கறுப்புப் புகை தள்ளும், ஏற்றத்தில் இழுக்காது. அதனால் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட் என்கிற பித்தளைத் துண்டைக் கழற்றிவிட்டு இன்னும் சின்ன ஓட்டை உள்ளதைப் போட வேண்டும். அவன் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது, துணிக்குத் தகுந்தபடி நான் ஊசி நம்பர் மாற்றுவதில்லையா. வண்டியைக் கீழே இறக்கினால் காற்று அடர்த்தி, அப்போது பெரிய ஜெட்டைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதித்துப் போகும். இதை முதலாளியிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான், கீழ இறக்குறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார், ஜெட்டை மாத்திக் குடுத்துடறேன் என்று. அவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டே சரி சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

தம்பி லீவில் வீட்டுக்கு வந்த சமயம் பார்த்து, முதலாளியின் மச்சான் ஒரு வண்டியை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய் ஆற்று மணலில் சிநேகிதர்களோடு பந்தயம் விட்டிருக்கிறான். பிஸ்டன் சூடேறி அசையாமல் பிடித்துக்கொண்டது, எஞ்சின் போயே போயிற்று. பிடிக்காமல் என்ன செய்யும்? மச்சானைக் கேட்க முதலாளிக்கு வாய் வரவில்லை, நீ ஜெட்டைச் சின்னதாக்கினதுதான் காரணம் என்று தம்பியை வெளியே அனுப்பிவிட்டார். அதோடு விட்டாரா, மலையில் இருக்கிற மற்ற ஒர்க்ஷாப்புகளிலும் இவனைச் சேர்க்காதீங்க, எஞ்சினைக் கொன்னுடுவான் என்று சொல்லி வைத்திருக்கிறார். இனி யார் இவன் கையில் வண்டியைக் கொடுப்பார்கள்?

நேற்று நானே அவனையும் கூட்டிக்கொண்டு முதலாளியைப் பார்க்க மலைக்குப் புறப்பட்டேன். அப்பா வேண்டாம் என்றார், அவர் எதற்குத்தான் வேண்டும் என்றிருக்கிறார். கண்ணாடிக் கதவு, வரிசையாக ஹெல்மெட் மாட்டிய ஆபீஸ், உட்காருங்கம்மா என்றுகூட அந்த மனுஷன் சொல்லவில்லை, நானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒன்று விடாமல் கேட்டேன். அவர் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார். சரி, இறங்கி வருகிறார் என்று நினைத்தேன். அப்போது சொல்கிறார், உங்க மகளே போன் பண்ணி, தம்பி தெரியாம செஞ்சுட்டான் சார், அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்னாங்களே, தப்பே பண்ணலைன்னா மன்னிப்பு எதுக்கும்மா என்று. தம்பி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

வேலை திரும்பக் கிடைக்கட்டும் என்றுதான் கேட்டாய், எனக்குத் தெரியாதா. ஆனால் அவருக்கு இல்லாத சாட்சியை நீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாயேடி! பஸ்ஸில் வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது தம்பி ஒன்றே ஒன்று சொன்னான், ஊரு ஆயிரம் சொல்லட்டும்மா, அக்கா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல என்று.

நீ கேட்ட மன்னிப்பை நீயே திரும்ப வாங்கு. விஷயம் தெரியாம பேசிட்டேன், எங்க தம்பி மேல தப்பில்லை என்று அந்த முதலாளியிடம் சொல். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேள். அவன் சொல்லி முடிக்கிறவரைக்கும் குறுக்கே பேசாதே.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குட்டியைக் குளிரில் காதை மூடாமல் அனுப்பாதே. மறந்துவிடாதே, முதலில் முதலாளிக்கு போன், பிறகுதான் தம்பிக்கு. அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்காமல் வெறுங்கையோடு அவனிடம் போகாதே.

கோபம் இன்னும் தீராத
உன் அம்மா