கொங்கிறீற்றுக்குள் போன மாதா பதக்கம்

மிச்சம் (Mitcham), லண்டன்
10.08.1991

அன்புள்ள மகன் யூஜினுக்கு,

அம்மாவின் முழங்கால் நோவைத் தவிர இங்கு எல்லாரும் சுகம், கனடாவில் நீயும் மருமகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். கடையில் அரிசி மூட்டை தூக்கி என் வலக்கை பிசகிப்போனதால் நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி பெர்னடெற் எழுதுகிறாள். (அண்ணா, நீ அங்கே வீடு கட்ட, அப்பா இங்கே கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறார். வாய்க்குத்தான் கட்டில்லை.) உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. மேயர் இல்லை, கவுன்சில் இல்லை, அப்படியும் ஓர் ஊரா? கட்டட அனுமதி, பெமிட் ஒன்றும் தேவையில்லை, நீ பாட்டுக்குக் கட்டு என்று காணி விற்றவன் சொன்னானாம். விற்று முடிந்தவனுக்கு உன் வீட்டில் என்ன அக்கறை? அவன் தன் வீட்டுக்குப் பெமிட் எடுத்தானா என்று கேட்டாயா? நாற்பது மைல் தள்ளியிருக்கிற கவுண்டி என்கிற மாவட்ட ஒபிஸில் ஒரு பெண்பிள்ளை, பெமிட் கட்டாயம், அத்திவாரத்துக்கு வெட்டின கிடங்கை இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகுதான் கொங்கிறீற் ஊற்றலாம், அவர் வரச் செப்டம்பர் பன்னிரண்டாகும் என்றாளாம். அவளையும் சும்மா நம்பாதே, பெயரைக் கேட்டு, சொன்னதை எழுத்தில் வாங்கு. உங்களுக்குத் தபால்காரனிலும் சந்தேகம் எண்டு அம்மா சிரிக்கிறா. ஓம், சந்தேகம்தான், உன் போன கடிதம் பசை விட்டல்லவா வந்தது.

செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாளில் அத்திவாரம் போடு என்று நாள் குறித்தவன் நான்தான். அதற்காக இன்ஸ்பெக்டருக்குக் காத்திராமல் அன்றைக்கே ஊற்றப்போகிறேன் என்கிறாய். ஊற்றாதே. வீட்டுக்குப் பின்னால் புதிதாய்ச் சமைக்கக் கட்டின குசினி மழைக்கு இடிந்தது என்று முன்பு உனக்கு எழுதினேன், அது பொய். ஐந்து வருடத்துக்கு முன் அதே மாதா பிறந்தநாளில், கவுன்சில் ஆள் வருமுன் ஊற்றிவிட்டேன். அவன் வரும்போது சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. அத்திவாரத்தின் ஆழம் தெரியவில்லை, உடைத்துக் காட்டு என்றான். உடைத்தோம், ஆழம் போதாது, எல்லாம் போயிற்று. நான் உள்ளே போட்ட மாதா பதக்கத்தை அவனே கட்டிகளுக்குள் கண்டெடுத்து, துடைத்து, என் கையில் தந்தான். வெட்கத்தில் அவனுக்கு ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

அந்தப் பதக்கத்தை இதற்குள் ஒட்டி அனுப்புகிறேன். எட்டாம் திகதி அதை ஒரு பிஸ்கற் டின்னில் போட்டுக் கிடங்கின் ஓரத்தில் வைத்துச் செபம் சொல்லு, நாள் தப்பாது. இன்ஸ்பெக்டர் கையெழுத்து வைத்த பிறகு அதை உள்ளே போட்டு ஊற்று. அவருக்குத் தேத்தண்ணி கொடு.

உங்கள் இருவருக்கும் மாதா காவல். அங்கத்தைக் குளிருக்கு மருமகள் காதை மூடிக்கொண்டு வெளியே போகட்டும். பதக்கம் கிடைத்ததும் எழுது, ஒட்டின செலோரேப் கிழிந்திருந்தால் அதையும் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
கிறிஸ்துநாயகம்

(அண்ணா, குசினிக் கதையை வெட்டிவிட்டு வேறு தாளில் எழுது என்றார். ஓம் எண்டு சொல்லிப்போட்டு இதையே நீட்டினேன். தபால்காரனையும் நம்பாத மனிசன், என்னை நம்பி, வாசிக்காமல் இடக்கையால் கையெழுத்து வைத்தார். நீ ஊற்றாமல் இருந்தால் எனக்கு அது போதும். பெர்னடெற்)