லாரி நெற்றியில் தம்பி பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

தனப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. கெங்கவல்லியில் மாமா வீட்டில் நீங்களும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் விடுதியில் நலம்.

வெள்ளம் வடிந்தும் நம் தெருவில் யாருக்கும் தெம்பு வரவில்லை என்று, லாரி பெயிண்டர் சின்னுசாமி அண்ணன் பள்ளிச் சுவரில் பெரிய லாரி வரைகிறார். லாரி நெற்றியில் முதலாளி பிள்ளைகளின் பெயரை எழுதும் இடத்தில் தெருப் பிள்ளைகள் எங்கள் பெயர்கள்.

"உங்கூட்டுல யாரு யாரு சாமி?" என்றார்.

"நானும் தம்பி மிதுனுமுங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். மஞ்சளில் அழகாக எழுதிவிட்டார். தம்பியை வெள்ளம் கொண்டுபோனதைப் பிறகுதான் யாரோ அவரிடம் சொன்னார்கள்.

"தெரியாமப் போச்சே சாமி. அழிச்சரட்டுமா?"

"அம்மாவக் கேட்டுச் சொல்றேனுங்க."

தலைக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றும் வேண்டும். படிப்பு மணி அடிக்கிறது. அழிக்க வேண்டாம் என்று எழுதுங்கள், அம்மா.

உங்கள் மகள்,
தனப்பிரியா