மற்றக் கணினியில் கிடந்த மெயில்

அக்கா,

வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பதற்காக அலுமாரியை நகர்த்தியபோது பின்னால் ஒரு பழைய ரெலிபோன் வயர் கிடந்தது. நுனியில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. எந்த வயர் எந்தக் கணினிக்கு என்று நான் தடுமாறக்கூடாதென்று நீங்கள் வைத்த பொட்டு. பெயின்ற் அடிக்க வந்தவர் அதைக் குப்பையில் போடவா என்று கேட்டார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தக் கொட்டாஞ்சேனை அச்சகத்தில் நீங்கள் புரூஃப் பார்த்தீர்கள், நான் பக்கம் அமைத்தேன். பக்க வேலைக்கு ஒரு மெக்கிண்டொஷ், மற்றதற்கெல்லாம் ஒரு விண்டோஸ் கணினி. ரெலிபோன் லைன் மட்டும் ஒன்று. முதலாளி ஈமெயில் வேண்டுமென்றதும் மூன்று நாள் மல்லுக்கட்டி இரண்டிலும் பொருத்திவிட்டேன். அப்போது எனக்கிருந்த தலைக்கனத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஒரே முகவரிக்கு வருவதை இரண்டிலும் பார்க்கலாம் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"மாமியும் மருமகளும் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிக்குதுகள். ஒண்டுக்குச் சொன்னது மற்றதுக்குக் கேக்குமோ, தம்பி?"

"கேக்கும், அக்கா. நான் எல்லாம் சரியாப் போட்டிருக்கிறன்."

போடவில்லை. மெயிலை எடுக்கும்போது ஒரு பிரதியைச் சேர்வரிலேயே விட்டுவைக்கும்படி ஒரு சிறு கட்டத்தில் சரி அடையாளம் இடவேண்டும். இடாவிட்டால் முதலில் எடுக்கும் கணினியோடு மெயில் போய்விடும்; மற்றதில் அது வந்த சுவடே தெரியாது. விண்டோஸில் இட்டேன். மெக்கில் மறந்துவிட்டேன்.

உங்கள் கடைசித் தம்பி சின்னவன் அப்போது பாங்கொக்கில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் கையில் இருந்தான். வெள்ளவத்தையில் நீங்கள் வாடகைக்கு இருந்த அறையில் போன் இல்லை. அதனால் அச்சக முகவரிக்குத்தான் எழுதுவான், ஆங்கில எழுத்தில் தமிழை. ஒவ்வொரு மத்தியானமும் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே விண்டோஸின் முன்னால் வந்து உட்காருவீர்கள். நான் லைன் எடுத்துப் பார்ப்பேன்.

அந்த வாரம் ஒரு கோயிலின் சிறப்பு மலர் அவசரம். மெக்கிலிருந்து பக்கங்களை அனுப்பியபடி இருந்தேன். லைனில் ஏறும் ஒவ்வொரு தடவையும் அது வந்த மெயிலையும் எடுத்துக்கொண்டது. நான் அதன் பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. மத்தியானத்தில் உங்களுக்கு மட்டும், "இண்டைக்கும் ஒண்டும் இல்லை, அக்கா" என்று ஐந்து நாளும் சொன்னேன்.

சனிக்கிழமை மலர் வேலை முடிந்த பிறகுதான் திறந்தேன். மேலே உங்கள் பெயர்.

"அக்கா, கப்பலில ஏறச் சொல்லுறான். எனக்குப் பயமா இருக்கு. போறதோ, திரும்பி வாறதோ? வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த நம்பரில நிப்பன். அச்சகத்துக்கு அடிச்சுப் பாத்தன், எங்கேஜ்ட் எண்டே வருது. வா எண்டு சொன்னால் வந்திடுவன்."

எங்கேஜ்ட் ஆக்கியதும் நான்தான். லைன் முழுநாளும் என் கணினியின் மொடத்தில் இருந்தது.

பிறகு நான் செய்ததை எழுதக் கை வரவில்லை. மெயிலைத் தாளில் அச்செடுத்தேன். தேதி இருந்த மேல்வரியைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். உங்களிடம் ஓடிவந்து, "லைன் பிழை, அக்கா, இப்பதான் வந்தது" என்றேன். எழுத்துப் பிழை ஒன்றையும் தப்பவிடாத கண் உங்களுடையது. அந்தக் குட்டைத் தாளை மட்டும் அது சந்தேகிக்கவில்லை.

வெளிநாட்டுக்குப் போன் பேச, சந்தியிலிருந்த கொம்யூனிகேஷன் கடைக்கு ஓடினோம். அந்த நம்பரில் எடுத்தவர் தமிழர். நேற்றே எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்றார். ரிசீவரை வைத்துவிட்டு நீங்கள் அங்கேயே நின்றீர்கள்.

"வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருப்பன். அக்கா கேட்டும் பேசாமல் இருந்திட்டா எண்டு நினைச்சுக்கொண்டுதானே ஏறியிருப்பான்."

பிறகு என்னைப் பார்த்து, "நீ பாவம், வந்த உடன ஓடி வந்தனி" என்றீர்கள்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அந்தக் கப்பலைப் பற்றியும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நீங்கள் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. அந்தத் தாளும் கைப்பையில் கூடவே வந்தது. நான் மெக்கில் இடாமல் விட்ட அடையாளத்தை அந்தச் சனிக்கிழமையே இட்டுவிட்டேன். பழுது திருத்துவதில் நான் கெட்டிக்காரன்.

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு, எப்படியும் சொல்லிவிடுவதென்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அதற்குள் நீங்கள் பக்கத்துக் கட்டில்காரரிடம், "இவன்தான் என்ர சின்னவன்ர கடைசிக் கதையைக் கொண்டுவந்து தந்தவன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் தோடம்பழம் உரித்துத் தந்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமை நீங்கள் இல்லை.

பேசாமல் இருந்த அக்கா என்ற பழியை, சாகும்வரைக்கும் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அது என்னுடையது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே அதை உங்களைச் சுமக்கவிட்டேன். கேட்க நீங்கள் இல்லாத இந்த நேரத்தில்தான் எனக்கு வாய் வருகிறது.

லைனில் பிழை இல்லை, அக்கா. அவனுடைய மெயில் திங்கட்கிழமை காலையே வந்துவிட்டது.