பரணுக்குப் புறப்படும் நேரம்

விஸ்கான்சின் மாநிலத்துத் தூக்கத்துக்கெல்லாம் மகாராணியான என் அக்கா மகளுக்கு,

மான் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை, ஆந்தைகளே கொட்டாவி விட்ட நாலரை மணிக்கு நானும் தம்பி ராய்ஸும் துப்பாக்கியோடு கிளம்பினோம். நீயோ சாவகாசமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாய்.

"இருட்டுல போனா சோளக்காட்டுல மேயுற மானையெல்லாம் நீங்களே விரட்டிடுவீங்க மாமா. விடிஞ்சா அதுங்களே மரக்காட்டுக்குள்ள போயிடும். அப்புறமா நான் போறேன்."

"மரத்து மேல உங்கப்பா கட்டுன வேட்டைப் பரண்ல தூங்குமூஞ்சிக்கு இடமில்ல தாயி. இன்னைக்கு உனக்கு மான் விழலேன்னா பரண் எனக்கு."

நீ சொன்னபடியே எங்கள் பூட்ஸ் சத்தத்தில் அமெரிக்காவின் பாதி மான்கள் கனடாவுக்குக் குடிபெயர்ந்தன. ஒன்பது மணிக்குக் குளிர் தாங்காமல் என் பரணிலிருந்து இறங்கிக் காலை உதறினேன். அதற்கு மிரண்ட கிடா மான் ஒன்று நேராக உன் பரணடிக்கு ஓடியது. ஒரே வெடி. அந்தக் கொம்பில் ஒரு கல்யாண வீட்டுத் துணி முழுக்கக் காயப்போடலாம்.

ஐம்பது வருடம் வேட்டையாடிய நான் உனக்கு மான் விரட்டும் ஆளானேன். இதைவிடப் பெரிய பதவி எனக்கு வாய்த்ததில்லை. ராய்ஸ் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

அந்தப் பரண் போன வருடம்வரை உன் அப்பாவுடையது. அவருக்கு ஒட்டகக் கால். ஏணிப் படிகளையும் அந்த அளவுக்கே அடித்திருந்தார். இன்று போய் எல்லாவற்றையும் கழற்றி, உன் காலுக்கு எட்டும்படி நெருக்கி அடித்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உன் மாமா