செவ்வாய்க்கு ஒரு லேடீஸ் சைக்கிள்

மைசூர்,
13-10-97

அன்புள்ள பரத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் சுகம், நீயும் அந்தக் குளிர் ஊரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கச் சாமுண்டியம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். சுகம் என்று எழுதினேனே தவிர, எனக்கு ஒரு வாரமாக வயிற்றெரிச்சல். மாத்திரையில் அடங்குகிற எரிச்சல் இல்லை, உன் அப்பா மேல் பொறாமை. அவரிடம் சொன்னால் சிரிப்பார், அதனால் உன்னிடம் கொட்டுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நான் நர்சிங் ஹோம் டியூட்டி முடிந்து வந்து சைக்கிளைக்கூட நிறுத்தவில்லை, எதிர்வீட்டு லிங்கம்மா ஓடி வந்து "ஏனு பொன்னம்மா, நிம் மக மங்கள கிரகக்கே ஹோக்தானந்தே?" என்று கேட்கிறாள். நீ செவ்வாய் கிரகத்துக்குப் போகப்போகிறாய் என்று உன் அப்பா தெரு முழுக்கப் பரப்பியிருக்கிறார். போவது நீ இல்லை, அங்கே ஓட்டுவதற்கு எந்த சைக்கிள் தோதுப்படும் என்று உங்கள் காலேஜில் போட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று தெரிகிறவரை எனக்கு உயிரே இல்லை. பிறகு கடிதத்தை வாங்கிப் பார்த்தால் யோசனை கேட்டு அப்பாவுக்கு நாலு பக்கம், கடைசியில் அம்மா உடம்பைப் பார்த்துக்கொள் என்று எனக்கு ஒரே ஒரு வரி. என் உடம்புக்கு என்ன கேடு, அது பாட்டுக்கு இருக்கிறது.

அன்றிலிருந்து உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரோடு பேக்டரியில் வேலை செய்கிற முனிராஜைக் கூட்டி வந்து வாசலில் சாக்பீசால் படம் போட்டு ஒரே ஆலோசனை. அங்கே ஆளின் கனம் மூன்றில் ஒரு பங்குதானாம், ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டியோடு துள்ளுமாம், குளிரில் ரப்பர் வெடிக்குமாம், அதனால் பால்காரர்கள் ஓட்டுகிற டபுள் பார் ஜென்ட்ஸ் சைக்கிள்தான் சரி என்று முடிவு கட்டினார்கள். நான் இரண்டு தடவை காபி கொண்டுபோய் வைத்தேன், உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு வாய் கேட்கவில்லை. இந்த வீட்டில் சைக்கிள் ஓட்டுகிறது யார்? அவருக்கு வாழ்நாள் முழுக்க பேக்டரி பஸ், சைக்கிளில் ஏற்றிவிட்டால் இரண்டடி போவதற்குள் சாக்கடையில் இருப்பார்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். முனிராஜுக்கு உன் கடிதத்தில் ஓர் இடத்தை உரக்கப் படித்துக் காட்டினார் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்பா, நான் சைக்கிள் பழகும்போது நீங்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு 'திரும்பிப் பாக்காதடா, நேரா பாரு' என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடி வருவீர்களே, அந்தத் தைரியத்தில்தான் இந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அது என் வார்த்தையடா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துச் செம்மண்ணில் மூச்சிரைக்க ஓடியது நான். நீ திரும்பவே இல்லை, சொன்ன பேச்சைக் கேட்டாய். நான் கையை எடுத்த அன்றைக்குத்தான் அப்பா பஸ் இறங்கி வந்து எதிரே நின்று ஹேண்டில்பாரைப் பிடித்தார். முன்னால் தெரிந்த முகத்தை வைத்துக்கொண்டு பின்னால் ஓடியவளை விட்டுவிட்டாய்.

முனிராஜ் போனதும், பின்னால் ஓடியது நீங்கள் இல்லை என்று ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "பையன் அப்படி நெனச்சுட்டிருக்கான், இருந்துட்டுப் போகட்டும் விடு. நான் எப்பவும் ஷிப்டுலதான இருந்தேன், என்னைப் பத்தி அவனுக்கு வேற என்ன நெனப்பு இருக்கு" என்றார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் என்பதற்காக என்னுடையதைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா, நீயே சொல்.

ஆயுத பூஜையன்று எனக்கு முன்னால் எழுந்து என் சைக்கிளைக் கழுவிச் செவ்வந்தி மாலை கட்டியிருந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நான் ஏறி நசுக்கும்போது பின்னால் வந்து கேரியரைப் பிடித்துக்கொண்டார். நானும் திரும்பிப் பார்க்காமல் நேராகப் பார்த்து மிதித்தேன்.

இப்போது என் யோசனையைக் கேள். நீ கேட்காவிட்டாலும் சொல்வேன். லேடீஸ் சைக்கிள் எடு. அங்கே மூட்டை மாதிரி உடுப்புப் போட்டுக்கொண்டல்லவா ஓட்ட வேண்டும், பாருக்கு மேலே எப்படிக் காலைத் தூக்கிப் போடுவது? புடவை கட்டி ஓட்டுகிறவளுக்கு அது தெரியும். பேப்பரில் செவ்வாயின் போட்டோ பார்த்தேன், நம் மைதானம் மாதிரியே செம்மண்ணும் கல்லும், அதனால் செயினுக்கு முழு மூடி வேண்டும். காற்று அவ்வளவாக இல்லாத இடத்தில் மணி கேட்காது என்கிறார் அப்பா, இருந்தாலும் ஒரு மணி இருக்கட்டும். கேரியர் இல்லாமல் மட்டும் எடுக்காதே, பழகும்போது பின்னால் ஒருத்தர் பிடிக்க வேண்டாமா?

ராத்திரி கண் விழிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. போட்டியில் ஜெயித்து நல்ல பெயரோடு நூறு வருஷம் நன்றாக இரு. அப்பாவுக்கு எழுதும்போது நீங்கள்தான் பிடித்தீர்கள் என்றே எழுது, அந்த மனுஷனிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டாம். எனக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அதில் சரியாக எழுது. கவரில் என் பெயரை மறக்காதே, தபால்காரர் ஒரு நாளாவது வாசலில் நின்று பொன்னம்மா என்று கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
பின்னால் ஓடி வந்த உன் அம்மா,
பொன்னம்மா