பெரியம்மாகிட்டக் கழுத்தைக் குடுக்காதீங்க

ஏனுங்க,

அரிசிம்பருப்பு சாதம் குக்கர்ல இருக்குது. சாப்பிட்டதும் ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையப் போட்டுக்கோங்க. எழுப்ப மனசு வரல, பெருந்துறை கம்பெனி பஸ் வந்துரும்.

மத்தியானம் உங்க பெரியம்மா வாராங்க. "நான் காலால பொறந்தவ கண்ணு, ஒருக்கா நீவுனாச் சுளுக்குப் பறந்துரும்"னு கழுத்துக்கு வருவாங்க. உட்றாதீங்க. சலூன்ல கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுத்ததுல, உள்ளுக்குள்ள ரத்தக்குழாய் கிழிஞ்சுதான் ஸ்ட்ரோக் வந்துச்சு. இது சுளுக்கு இல்லீங்க. இதைச் சொன்னதுக்குத்தான் நேத்து "எங்க சொந்தம்னா உனக்கு ஆகாது"ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. கழுத்தை வெடுக்குன்னு திருப்பக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது அதுக்குந்தான்.

வலது இமை பாதி இறங்குனதுல இருந்து, முழிச்சிருக்கறப்பவும் கனாக் காண்றாட்டவே இருக்கறீங்க. அந்தக் கனாவுல நானும் இருக்கறனான்னு கேக்கத் தோணுது.

சாவி டிவி மேல.

சுகந்தி

பி.கு: பெரியம்மா மனசும் நோகக் கூடாது. தண்ணிக்குள்ள கெடக்கறாட்ட மரத்துப்போச்சுன்னீங்களே, அந்த இடது கையக் குடுங்க, நீவட்டும். விடிய விடிய அதைப் புடிச்சுட்டுத்தான் படுத்திருந்தேன். உங்களுக்குத் தெரியல. அவங்க கை படறது லேசாத் தெரிஞ்சாலும் உடனே எனக்குப் போன் போடுங்க.